வீட்டு நீச்சல் குளம்: வேலி, குளோரின், அப்புறம் ஐப்பசி மழை

கும்பகோணம், மாயவரம் பக்கம் தோப்பு வீடு ஹோம்ஸ்டேன்னு நெறைய பேர் பூல் கட்டுறாங்க, கட்டுற வரைக்கும் டைல்ஸ் கலர் பத்திதான் பேச்சு. ஆத்துல குதிச்சு வளந்த பிள்ளைங்கதானே, இதுல என்ன ஆகப்போகுதுன்னு ஒரு நெனப்பு நம்ம ஊர்ல இருக்கு. ஆனா எனக்கு பயமெல்லாம் தத்தித்தத்தி நடக்குற ரெண்டு மூணு வயசு குழந்தைய நெனச்சுதான். முழுகுற குழந்தை பெரும்பாலும் கத்தாது, சத்தமே இல்லாம உள்ள போயிடும்.

அதனால மொதல்ல வேலி. நாலடிக்கு கொறையாம, கம்பிக்கும் கம்பிக்கும் நாலு இஞ்சுக்கு மேல சந்து இல்லாம, கால் வச்சு ஏற குறுக்குக்கம்பி இல்லாம போடுங்க. கேட் தானா மூடிக்கணும், கொண்டி குழந்தைக்கு எட்டக்கூடாது. வேலி ஓரமா பூந்தொட்டி, பிளாஸ்டிக் சேர் கெடந்தா ஒடனே எடுத்துடுங்க, அதுமேல ஏறித்தான் தாண்டும். ஆடிப்பெருக்குக்கு சொந்தக்காரங்க கூடுனா யாராவது பாத்துக்குவாங்கன்னு எல்லாரும் நெனச்சிட்டு இருப்பாங்க, ஒருத்தரும் பாக்கமாட்டாங்க, அதனால அரைமணிக்கு ஒருத்தர்னு பேர் சொல்லி உக்கார வைங்க, கையில போன் வேண்டாம்.

யாராவது முழுகி மூச்சு இல்லன்னா தலைகீழா தூக்கி சுத்துறது, வயித்த அமுக்குறது எதுவும் செய்யாதீங்க, நேரந்தான் வீணாகும். ஒருத்தர் 108க்கு அடிக்கட்டும், இன்னொருத்தர் மொதல்ல வாயில ஊதி மூச்சு குடுத்துட்டு, நடு நெஞ்ச 30 தடவ அமுக்கி ரெண்டு மூச்சுன்னு மாத்தி மாத்தி விடாம செய்யட்டும். வீட்டுல ரெண்டு பேராவது இத நேர்ல கத்துக்கணும்.

தண்ணிக்கு டெஸ்ட் கிட் வாங்கி தெனமும் பாருங்க. குளோரின் 1லேர்ந்து 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு அர்த்தம்), பிஹெச், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மை, 7.2லேர்ந்து 7.8. பிஹெச் ஏறிட்டா எவ்வளவு குளோரின் போட்டாலும் சரியா வேலை செய்யாது. 20க்கு 10 அடி, நாலடி ஆழம்னா சுமார் 22,600 லிட்டர் தண்ணி, அதுல 1 பிபிஎம் ஏத்த 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் 75 கிராம் போதும். பக்கெட் தண்ணில கரைச்சு, தெளிஞ்சதும் மேல்தண்ணிய மட்டும் சாயங்காலமா ஊத்துங்க, வெயில்ல குளோரின் சீக்கிரம் போயிடும். ப்ளீச்சிங் பவுடரையும் பிஹெச் எறக்க வாங்குற ஆசிட்டையும் பக்கத்துல பக்கத்துல கூட வைக்காதீங்க, கலந்தா விஷவாயு.

கரையில நின்னு பாத்தா அடியில தண்ணிய உறிஞ்சுற ஓட்டை மேல இருக்க மூடி (டிரெய்ன் மூடி) தெளிவா தெரியணும், தெரியலன்னா அன்னைக்கு யாரும் எறங்க வேண்டாம். அந்த மூடி ஒடைஞ்சிருந்தா மோட்டார் இழுக்குற இழுப்புல முடி, கை மாட்டிக்கும், மாத்துற வரைக்கும் பூலை மூடிடுங்க. வயித்துப்போக்கு வந்தவங்க, அது நின்னு ரெண்டு வாரம் ஆகுற வரைக்கும் எறங்கக்கூடாது, சில கிருமி குளோரினுக்கே சாகாது.

பயன்படுத்தலன்னு மோட்டார நிறுத்திப் போட்டா ஒரு வாரம் பத்து நாள்ல கொசு பொரிச்சிடும். 1939 பொது சுகாதார சட்டப்படி அதுக்கு நோட்டீஸ் வரும். அதுக்காக ஐப்பசி கார்த்திகைல தண்ணிய சுத்தமா எறைச்சுடாதீங்க, டெல்டால அப்ப நெலத்தடி நீர் மேல ஏறி நிக்கும், காலி தொட்டிய அடியிலேர்ந்து தூக்கி வெடிக்க வச்சிடும். காலி பண்றதுன்னா கோடைல பண்ணுங்க, அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் குளோரின் போடாம வெயில்ல விட்டு, கிட்ல பூஜ்யம் காட்டினப்புறம் எறைங்க, வயலுக்குப் போற வாய்க்கால்ல மட்டும் விட்டுடாதீங்க.