சென்னைப் பயணம்: மியூசியம் லீவு நாளில் சொந்தக்காரர் வீடு

லீவுக்குச் சென்னை போகிறீர்கள் என்றால், மியூசியங்களின் விடுமுறை நாட்களை முதலில் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த நாட்களைச் சொந்தக்காரர், நண்பர் வீடுகளுக்கு ஒதுக்குங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்ற கலாசார அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் பெரியவர்களுக்கும் சந்தோஷம்தானே!

மற்ற நாட்களில் காலை மியூசியம், மாலை வீடுகள். எழும்பூரில் மாலை 5 மணிக்கே மூடிவிடுவார்கள்; நம் ஆட்களோ ஆபீஸ் முடிந்து வீடு திரும்பவே ஆறு, ஏழு ஆகிவிடும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. வெண்கலச் சிலைக் கூடத்தைத் தயவுசெய்து கடைசிக்கு வைக்காதீர்கள். திருவாலங்காடு நடராஜரை அவசரமாகப் பார்த்துவிட்டு வருவது பெரிய இழப்பு. அமராவதியிலிருந்து வந்த பழைய பௌத்தச் சிற்பங்களுக்கும் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் எழும்பூரில் மூடியிருக்கும் என்பதால் இந்தக் கணக்கு செல்லாது. பொங்கல், தீபாவளி சமயத்திலும் விட்டுவிடுங்கள். அப்போது சொந்தங்களே ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். போன் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள்.