ஆறரை மணிச் சிப்ஸ்

ஆறு வயது மகள் தினமும் மாலை ஆறரைக்குச் சிப்ஸ் கேட்டு அழுவாள். வாங்கிக் கொடுத்தால் நான்கைத் தின்றுவிட்டு மீதியை வைத்துவிடுவாள். இரவு இட்லியும் இறங்காது.

டிவி விளம்பரம்தான் காரணம் என்று நினைத்து, முதலில் கார்ட்டூன் சேனல்களைப் பூட்டினேன். பயனில்லை. வீட்டிலேயே உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுத்தேன். "இது அது இல்லை" என்றாள். உப்பு, எண்ணெய் பற்றிய என் சொற்பொழிவை அவளைவிட என் மாமியார்தான் கவனமாகக் கேட்டார். இப்படியே பத்து நாட்கள் வீணாயின.

பதினோராம் நாள்தான் கவனித்தேன். அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. உள்ளறையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஓடியது மாமியாரின் தொடர். இடைவேளையில் சிப்ஸ் விளம்பரப் பாட்டு தொடங்கியதும் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இழுத்தது படமல்ல, பாட்டு. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. எங்கள் கூடத்துக்கு எந்த மீட்டர் கணக்கும் இல்லை.

ரிமோட்டை அவளிடமே கொடுத்தேன். இடைவேளை வந்ததும் ஒலியை நிறுத்துவது அவள் வேலை. மாமியார் முதலில் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். ஆறு மணிக்கே சுண்டலும் கொடுத்துவிடுகிறேன். பசியோடு பாட்டைக் கேட்டால் எனக்கே கை நீளும். ஐந்தாம் நாளிலிருந்து ஆறரை அழுகை இல்லை. நிம்மதி.

பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் கேட்கும் நாட்களில் மட்டும் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது.