வெளிநாட்டில் கனடா பாடத்திட்ட விடுதிப் பள்ளி: ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள்

போன ஞாயிறு கோத்தகிரியிலிருந்து ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்தது. பையன் பத்தாவது முடிக்கப் போகிறான். அப்பா கையில் வழவழப்பான பள்ளிக் கையேடு. நீச்சல் குளம், சாப்பாட்டுக் கூடம், நாலு பேர் தங்கும் அறை என்று ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். "கனடா சிலபஸ்க்கா, யுனிவர்சிட்டி நேரா கிடைச்சிடும்" என்றார். எந்தெந்தப் பாடம் எடுக்கப் போகிறான், பட்டியல் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

என் மகனைச் சேர்க்கும்போது எனக்கும் தெரியாது. குன்னூர்க்காரி நான். மலைப் பள்ளி ஒன்றில் 14 வருடம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-ல் தொடங்கியது. விடுதிப் பள்ளி என்பது எங்கள் மலையில் அவ்வளவு பழைய சங்கதி. அந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது. கட்டடத்தையும் படுக்கையையும் பார்த்தே நல்ல பள்ளியா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று நம்பினேன். காகிதத்தைப் படிக்கவில்லை.

ஃபீஸ் ரசீது, பாஸ்போர்ட் தேதி, தடுப்பூசி அட்டை இதெல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொள்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

"கனடா பாடத்திட்டம்" என்று ஒன்று இருப்பதாக நினைப்பது

இல்லை. கனடாவில் கல்வி மாகாணங்களின் பொறுப்பு. 1867-ல் நாடு உருவான அரசியல் சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. 10 மாகாணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடத்திட்டம், தனிச் சான்றிதழ்.

இங்கே நமக்குக் குழப்பம் வருவதற்குக் காரணம் ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்கிற சர்வதேசப் பாடத்திட்டம். கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976-லேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. ஐபி டிப்ளமோ கொடைக்கானலில் படித்தாலும் ஜெனீவாவில் படித்தாலும் ஒரே அமைப்பு, ஒரே தேர்வு. கனடா அப்படி இல்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத மதிப்பெண் வருடம் முழுக்கச் செய்யும் வேலைக்கு, 30 சதவீதம் கடைசி மதிப்பீட்டுக்கு; இரண்டையும் பள்ளியே போடுகிறது. ஆல்பர்ட்டாவில் பன்னிரண்டாம் வகுப்பின் முக்கியப் பாடங்களுக்கு மாகாண அரசே தேர்வு வைக்கிறது, அதற்கு 30 சதவீதம். நம்ம ஊர் பப்ளிக் எக்ஸாம் பயத்திலிருந்து பிள்ளையை மீட்க நினைப்பவர் இந்த வித்தியாசத்தை முதல் நாளே கேட்க வேண்டும்.

பள்ளிப் பெயரில் "கனேடியன்" இருந்தால் மட்டும் போதாது. சிங்கப்பூரில் அந்தப் பெயருள்ள பெரிய பள்ளி நடத்துவது ஐபி. எந்த மாகாணம், எந்தச் சான்றிதழ் என்று கேளுங்கள்.

ஐந்தாவது எழுத்தைப் பார்க்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒன்டாரியோவில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. பதினொன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்றின் குறியீடு எம்சிஆர்3யு (MCR3U). முதல் மூன்று எழுத்து பாடம். நான்காவதாக வரும் எண் வகுப்பு: 3 என்றால் பதினொன்று, 4 என்றால் பன்னிரண்டு. ஐந்தாவது எழுத்து அந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது. யு என்றால் பல்கலைக்கழகம். சி என்றால் அங்கே காலேஜ் என்று சொல்லும் தொழிற்பயிற்சிக் கல்லூரி. நாம் இங்கே காலேஜ் என்று சொல்கிறோமே, அது இல்லை. எம் என்றால் இரண்டுக்கும் பொது.

இந்த எம்தான் என் மகனைக் கவிழ்த்தது.

பத்தாவது முடித்துவிட்டுத் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தான். இன்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதியிருந்தோம். பள்ளி ஆலோசகர் அவனுக்குக் கொடுத்த கணக்குப் பாடம் எம்சிஎஃப்3எம். "புதுப் பிள்ளை, இது கொஞ்சம் இலகு, மார்க் நல்லா வரும், பல்கலைக்கழகத்துக்கும் செல்லும்" என்று மின்னஞ்சலில் விளக்கம் வந்தது. பார்த்துச் செய்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். வருடக் கடைசியில் 91 வாங்கினான். குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு பேக்கரியில் கேக் வாங்கி அலுவலகம் முழுக்கக் கொடுத்தேன்.

அந்த விளக்கம் பாதி உண்மை. பன்னிரண்டாம் வகுப்பில் எம் வகைப் பாடத்தையும் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பதினொன்றில் எம்சிஎஃப்3எம் படித்தவன் நேராக எம்ஹெச்எஃப்4யு என்கிற மேல்நிலைச் சார்புகள் பாடத்தில் உட்கார முடியாது. அதற்கு வழக்கமான முன்படி எம்சிஆர்3யு. எம்ஹெச்எஃப்4யு இல்லாவிட்டால் கால்குலஸ் பாடமான எம்சிவி4யுவும் கிடையாது. டொரன்டோவோ வாட்டர்லூவோ, இன்ஜினீயரிங் என்றால் இந்த இரண்டு கணக்கும், ஆங்கிலம், இயற்பியல், வேதியியலோடு சேர்த்துக் கேட்கிறார்கள்.

இது எனக்கு எப்போது தெரிந்தது? பன்னிரண்டாம் வகுப்பு பாதி ஓடி, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிய ஜனவரியில். ராத்திரி 11 மணிக்கு மகன் போன் செய்தான். "அம்மா, இந்த ரெண்டு பாடமும் என் லிஸ்ட்லயே இல்லம்மா" என்றான். குரல் உடைந்திருந்தது. முதல் பருவம் முழுக்க வேறு பாடங்களில் போய்விட்டது. ஒரு பாடத்தை முடித்தால் கிடைக்கும் கிரெடிட் என்பது 110 மணி நேர வகுப்பு. இரண்டு வாரத்தில் டியூஷன் வைத்துத் தாண்டிவிட முடியாது. முதலில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு, அப்புறம் மற்ற இரண்டு. கூடுதலாக ஒரு வருடம், அதற்கு விடுதியோடு முழு ஃபீஸ். மாமியார் கொடுத்த ஒன்றரை ஏக்கர் தேயிலையை விற்றோம்.

பள்ளியைக் கேட்டபோது, பாடத்தேர்வுப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இருக்கிறது என்றார்கள். இருந்தது. குறியீடு எதையும் படிக்காமல் நான்தான் போட்டிருந்தேன். ஆனால் இன்ஜினீயரிங் என்று எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தை நீட்டியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. மார்க் உயர்ந்தால் பள்ளிக்குப் பெயர்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பிள்ளை விரும்பும் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடங்கள் வேண்டும் என்று முதலில் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்படி என்ன என்று ஒன்டாரியோவின் பாடத்திட்ட ஆவணத்தில் இருக்கிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்குக் கீழ்நோக்கி எழுதி வாருங்கள். அந்தத் தாளைப் பள்ளிக்கு அனுப்பி, இந்த இரண்டு வருடத்தில் இத்தனையும் உங்களிடம் நடக்குமா என்று பதில் வாங்குங்கள். சின்னப் பள்ளிகளில் ஆள் சேராவிட்டால் இயற்பியல் வகுப்பையே ஒரு பருவம் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்புக்கு எத்தனை கிரெடிட் என்று கேட்காதது

ஒன்டாரியோ டிப்ளமோவுக்கு 30 கிரெடிட் வேண்டும். நம் பிள்ளை இங்கே படித்ததில் எவ்வளவைக் கணக்கில் எடுப்பது என்பது அந்தப் பள்ளி முதல்வரின் முடிவு. பணம் கட்டும் முன் எழுதி வாங்குங்கள். டிப்ளமோவுக்குக் கிரெடிட்டோடு எழுத்தறிவுத் தகுதியும் 40 மணி நேர சமூக சேவையும் வேண்டும்; அவற்றில் நம் பிள்ளைக்கு எவ்வளவு மீதம் என்பதும் அதே தாளில் வரட்டும்.

அரசு ஆய்வு விடுதிக்கும் சேர்த்து என்று நம்புவது

ஒன்டாரியோ கல்வி அமைச்சகம் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்வது கிரெடிட் கொடுக்கும் உரிமைக்காக. பட்டியலை வெளியிடுகிறது, அதில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஆனால் விடுதியில் ராத்திரி யார் விழித்திருக்கிறார்கள் என்பதை அந்த ஆய்வு பார்ப்பதில்லை.

இது என் சொந்த வேலை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஒரு வார்டனிடம் கேட்க வேண்டியது இவைதான். இரவில் ஒரு மாடிக்கு எத்தனை பெரியவர்கள்? 2 மணிக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவார், சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போடுவார்? நீண்ட விடுமுறையில் விடுதி மூடினால் பிள்ளை எங்கே தூங்கும்? கடைசிக் கேள்விக்குப் பல பள்ளிகளில் சரியான பதில் இல்லை. வீடியோ காலில் வார்டனையே கூப்பிடச் சொல்லுங்கள். சேர்க்கை அலுவலர் சொல்வது போதாது.

பள்ளி கனடாவிலேயே என்றால், தனியாக வரும் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அங்கே பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், நோட்டரி கையெழுத்தோடு. ஏஜென்ட் ஏற்பாடு செய்யும் முகம் தெரியாத ஆளை ஏற்காதீர்கள்.

ஏஜென்ட்

அவருக்குக் கமிஷன் எந்தப் பள்ளி தருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கனடா விசாவும் சேர்ந்து வரும் என்று எண்ணுவது

வராது. மலேசியாவில் ஒன்டாரியோ பாடம் படித்தவனும் கனடா போக ஸ்டடி பர்மிட்டுக்குத் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியை அடைத்துவிடுவது

"அங்கே சரிப்படலேன்னா இங்கே டாக்டருக்குப் படிக்கட்டும்" என்று மனதில் வைத்திருக்காத பெற்றோரை நான் இந்த மலையில் பார்த்ததில்லை. சரி, அப்படியானால் அதையும் முதல் நாளே தாளில் எழுதுங்கள். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் படித்திருக்க வேண்டும். கனடாவில் பிள்ளையே பாடம் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், பிடிக்காத இயற்பியலைப் பதினொன்றில் விட்டுவிடுவது அங்கே சாதாரணம். இங்கே கதவு மூடிவிடும். இந்தியக் கல்லூரிகளுக்கு டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்றிதழும் தேவை. சேரப் போகும் பள்ளியின் சான்றிதழுக்கும் இந்தப் பாடத் தொகுப்புக்கும் அது கிடைக்குமா என்று சேரும் முன்பே அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள், அதைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கும் வேலையைக் கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள்.

கோத்தகிரிப் பையனுக்கு ஆர்க்கிடெக்சர் மேல் ஆசையாம். அன்றைக்கு மத்தியானம் கையேட்டின் பின் அட்டையில் நானும் அவனுமாக உட்கார்ந்து பாடங்களைப் பன்னிரண்டிலிருந்து பின்னோக்கி எழுதினோம். கணக்குக்கு நேராக யு என்ற எழுத்தை அவனே இரண்டு முறை வட்டம் போட்டுக்கொண்டான்.