காலத்துக்குத் தொடக்கம் உண்டா: வாதத்தைச் சோதிக்கும் முறை

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் மாலை வேளைகளில் எங்களோடு வந்து அமரும் சைவப் பெரியவர் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அனாதி, அதாவது தொடக்கமற்றவை என்பார். காத்தான்குடி முஸ்லிம் நண்பரோ காலமும் படைக்கப்பட்டதே என்பார். இப்படியான பேச்சில் இறங்குபவர், எதற்குத் தொடக்கம் தேடுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சைவ சித்தாந்தத்தில் காலம், பாசத்துள் அடங்கும் மாயையிலிருந்து தோன்றும் ஒரு தத்துவம் (உலகின் ஒரு கூறு); அனாதியான அம்மூன்றில் ஒன்றன்று. ஆகவே இருவரும் நினைப்பதுபோல் அவர்கள் நேரெதிரானவர்கள் அல்லர்.

அடுத்து, காலம் தொடக்கமற்றதாக இருக்க முடியாது என்று காட்ட முன்வைக்கப்படும் முடிவிலி வாதத்தை எடுங்கள். சூரியன் ஆண்டுக்கு ஒருமுறையும் சனி 30 ஆண்டுக்கு ஒருமுறையும் சுற்றுவதாகக் கொண்டால், தொடக்கமற்ற காலத்தில் இரண்டின் சுற்றுகளும் முடிவிலியாகிவிடும்; அப்படியிருக்க ஒன்று மற்றதன் 30 மடங்காவது எங்ஙனம் என இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058–1111) கேட்டார். இங்கே எண்ணாமல் இணைத்துப் பாருங்கள். வயலில் நெல் மூட்டைக்கு ஒரு கல்லாக வைத்தால், எண்ணத் தெரியாதவருக்கும் இரண்டும் சமமா என்பது விளங்கிவிடும். அதேபோல் தாளில் சூரியனின் சுற்றுகளுக்கு 1, 2, 3 என்றும், அவற்றின் கீழே சனி ஒவ்வொரு சுற்றையும் முடிக்கும் ஆண்டுகளுக்கு 30, 60, 90 என்றும் எழுதிக் கோடிட்டு இணைத்துக்கொண்டே போனால், எந்தப் பக்கத்திலும் எதுவும் மிஞ்சாது. 19ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் கன்ரோர் இந்த இணைப்பையே முடிவற்ற தொடைகளை (தொடை என்பது பொருட்களின் தொகுதி) ஒப்பிடும் அளவுகோலாக்கினார். பகுதி முழுமைக்குச் சமமாவது முடிவுள்ள தொடைகளில்தான் முரண்.

இதனால் கடந்த காலம் முடிவற்றது என்று நிறுவிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு தடை நீங்கியது, அவ்வளவுதான்.

முடிவிலி நாட்கள் கழிந்து இன்றைய நாள் வந்திருக்க முடியாது என்பது இன்னும் வலிய வாதம். ஜெர்மன் மெய்யியலாளர் கான்ற் 1781இல் முன்வைத்த முரணுரைகளுள் (ஒன்றையொன்று மறுக்கும் வாதச் சோடிகளுள்) முதலாவதன் ஒரு பக்கம் இதுவே. இன்றைக்கு 0, நேற்றைக்கு −1, அதற்கு முந்திய நாளுக்கு −2 எனக் குறித்து, விரும்பிய ஒரு நாளைத் தொடுங்கள். எதைத் தொட்டாலும் அங்கிருந்து இன்று வரையுள்ள நாட்கள் எண்ணி முடிக்கக்கூடியவையே. முடிவிலித் தொலைவில் ஒரு புறப்பாட்டு நாளை வாதிப்பவர் தம்மையறியாமல் நுழைத்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். ஆயினும், என்றென்றும் … 3, 2, 1 எனக் கீழ்நோக்கி எண்ணிவந்த ஒருவர் இன்றைக்கு 0 சொல்லி முடித்தால், அதை ஏன் நேற்றே முடிக்கவில்லை என்ற கேள்விக்கு என்னை நிறைவுறுத்தும் விடையை நான் இன்னும் காணவில்லை.

கடைசியாக, முடிவுள்ள வயதையும் முதற்கணத்தையும் ஒன்றாக்காதீர்கள். 0 நீங்கலாக, 0இற்கும் 1இற்கும் இடைப்பட்ட எண்களின் நீளம் 1தான். ஆனால் எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் பாதி அதற்கு முன்னால் நிற்கும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள் என்று சொல்வதால் மட்டும் ஒரு முதற்கணம் இருந்ததாகிவிடாது.