டேஷ்கேமுக்கு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து லைன் எடுப்பது எப்படி

பல கடைகளில் டேஷ்கேம் (ஓடும்போது சாலையைப் பதிவு செய்யும் கார் கேமரா) மாட்டும் முறை இதுதான்: ஃபியூஸைப் பிடுங்குவார்கள், வயர் முனையைச் சீவிச் செம்புக் கம்பியை ஃபியூஸின் காலில் சுற்றுவார்கள், திரும்ப அழுத்திவிடுவார்கள். இரண்டு நிமிட வேலை, கேமராவும் வேலை செய்யும். ஆனால் கம்பி சுற்றிய கால் உள்ளே போகும்போது ஸ்லாட்டின் கிளிப் விரிந்துவிடுகிறது. பிறகு லூஸ் கான்டாக்ட், சூடு, கடைசியில் உருகிய பிளாஸ்டிக்.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாது. ஃபியூஸ் காப்பாற்றுவது கேமராவை அல்ல, வயரை. 15 ஆம்பியர் ஃபியூஸ் 16, 17 ஆம்பியரை நெடுநேரம் தாங்கும். கேமராவின் நூல் போன்ற வயர் தாங்காது. அது எங்காவது உரசி பாடியில் அரைகுறையாகப் பட்டால், ஃபியூஸ் போவதற்கு முன்பே வயரின் தோல் உருகத் தொடங்கும். அதனால் புதிய வயருக்குத் தனி ஃபியூஸ் வேண்டும். அதற்கென்றே 'ஃபியூஸ் டேப்' கிடைக்கிறது: பழைய ஃபியூஸுக்கு ஓர் இடம், புதியதற்கு ஓர் இடம், பின்னால் ஒரு சிவப்பு வயர்.

வாங்கும் முன் வண்டியின் ஃபியூஸ் ஒன்றைக் கழற்றி அளந்து பாருங்கள். அகலம் 19 மில்லிமீட்டர் என்றால் சாதாரண பிளேடு ஃபியூஸ், 11 என்றால் மினி, 9 என்றால் மைக்ரோ 2. காலே வெளியே தெரியாத குட்டை மினியும் உண்டு. அளவு மாறினால் டேப் ஒழுங்காக உட்காராது, உட்காரவைக்க அழுத்தவும் கூடாது. கேமரா சுமார் 5 வாட், அதாவது அரை ஆம்பியருக்கும் குறைவு. புதிய இடத்தில் 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 2 சாம்பல் நிறம், 3 ஊதா.

பார்க்கிங் வசதியுள்ள, அதாவது நிறுத்திய வண்டியிலும் பதிவு செய்யும் கேமராவின் வயர் கிட்டில் பெரும்பாலும் மூன்று வயர்கள் இருக்கும். மஞ்சள் எப்போதும் சப்ளை உள்ள ஸ்லாட்டுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் ஸ்லாட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக பாடிக்கு. கிட்டின் நிறம் மாறியிருந்தால் அதன் தாளில் உள்ளதே சரி. பவர் சாக்கெட், ஆடியோ, பின் வைப்பர் போன்ற ஸ்லாட்டுகளில் எடுக்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டியரிங், எஞ்சின் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஃபியூவல் பம்ப் பக்கம் கையே போகக் கூடாது. மூடியின் உட்புறப் படத்தையும் மேனுவலையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள். சாவியை எடுத்ததும் சில ஸ்லாட்டுகளில் சப்ளை உடனே போகாது. கதவைப் பூட்டி இருபது நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

இனி, பலர் தவறவிடும் இடம். ஸ்லாட்டில் பேட்டரியிலிருந்து லைன் வருவது ஒரு காலில்தான். ஃபியூஸைக் கழற்றி, சாவி ஆனில், மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து, சிவப்பு முனையால் இரு துளைகளையும் தொடுங்கள். 12 வோல்ட் காட்டுவது லைன் பக்கம். டேப்பிலும் ஒரு கால்தான் இரண்டு ஃபியூஸுக்கும் பொது. அதைக் கண்டுபிடிக்க, டேப்பில் புதிய ஃபியூஸை மட்டும் போட்டுவிட்டு மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, சிவப்பு வயரோடு ஒவ்வொரு காலையும் தொட்டுப் பாருங்கள். பீப் அடிக்கும் கால் லைன் பக்கம் போக வேண்டும். திருப்பிச் செருகினாலும் கேமரா வேலை செய்யும், அதனால் தவறு தெரியாது. ஆனால் அப்போது கேமராவின் லோடும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகிறது. அரை ஆம்பியருக்கு ஒன்றும் ஆகாது. நாளை அதே டேப்பில் பெரிய ஃபியூஸ் போட்டு டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பைக் கோத்தால் பழைய ஃபியூஸ் போய்விடக்கூடும். சரியான பக்கம் திருப்ப இடமில்லையென்றால் வேறு ஸ்லாட் தேடுங்கள்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகு இணைப்பு வேலையைத் தொடங்குங்கள். டேப்பின் சிவப்பு கிரிம்ப் (வயரை நுழைத்து அழுத்தும் குழாய்) 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கானது. கேமரா வயர் அதைவிட மெல்லியதாக இருந்தால், சீவிய கம்பியை இரண்டாக மடித்துச் செருகி, பிளையரால் அல்லாமல் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை வேண்டாம். மே மாத வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அந்தப் பசை இளகி வழியும்.

எர்த்துக்கு பெயின்ட் இல்லாத, பாடியோடு நேராகச் சேரும் போல்ட்டைத் தேடுங்கள். வயர் முனையில் லக் (வளையம்) போட்டு இறுக்குங்கள். ஏர்பேக் யூனிட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தொட வேண்டாம். பேட்டரி நெகட்டிவில் சென்சார் உள்ள வண்டிகளில் எர்த்தை நேராக அந்த முனையில் கொடுத்தால், கேமரா இழுக்கும் கரண்ட் சென்சாரின் கணக்கில் சேராது.

கண்ணாடியோரத் தூணில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் பின்பக்கமாகப் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால் பை விரிவதைத் தடுக்கும்.

பார்க்கிங் பதிவு கால் ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். சின்ன கார்களின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு வாரம் தாங்காது. கிட்டில் கட்-ஆஃப் (பேட்டரி இந்த அளவுக்கு இறங்கினால் கேமராவை நிறுத்துவது) தேர்வு இருந்தால் 12.2 வோல்ட்டில் வையுங்கள், 11.8 பேட்டரியைக் கொல்லும். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்கள் மஞ்சள் வயருக்கான டேப்பிலுள்ள புதிய ஃபியூஸைப் பிடுங்கிவைப்பது நல்லது.

மாட்டி முடித்து, பார்க்கிங் பதிவை அணைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளந்து பாருங்கள். பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் இருக்கும். அதிகமாக இருந்தால் டேப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எது இழுக்கிறதென்று தெரிந்துவிடும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.