ஜோட்டெரோவில் குறிப்பெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் என் வீட்டு மாடியறைக்கு முனைவர் பட்ட மாணவர்கள் அவ்வப்போது மடிக்கணினியோடு வருவதுண்டு. சென்ற மாதம் வந்த தம்பி, நூல்களையும் மேற்கோள்களையும் சேர்த்துவைக்கும் மென்பொருளான ஜோட்டெரோவில் (Zotero) தம் தொகுப்பைத் திறந்து காட்டியபோது, நான் ஆய்வு செய்த காலத்துக் குளறுபடி அப்படியே கண்முன் நின்றது. மென்பொருளைப் புதுப்பிக்க மறப்பது, ஒரே நூலை இருமுறை சேர்ப்பது போன்றவற்றைத் தாமாகவே திருத்திக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

திரைப் பக்கத்தை நூற்பக்கம் என்று நம்புவது

1792-இல் பாராமகாலின் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரம்) ஆட்சியராக வந்த அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் செய்த நிலவரி ஏற்பாடுதான் என் ஆய்வுப் பொருள். மூல நூல்களில் பெரும்பாலானவை ஒளிவருடிய பி.டி.எஃப். கோப்புகளாகவே கிடைத்தன. திரையின் மேற்பட்டையில் தெரிந்த எண்ணையே பக்க எண்ணாக ஒவ்வொரு குறிப்பிலும் எழுதி வந்தேன். முன்னட்டை, உள்தலைப்பு, ரோமன் எண்ணிட்ட முன்னுரை ஆகியவற்றையும் அந்த எண் சேர்த்து எண்ணுகிறது என்பது உறைக்கவே இல்லை.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போது, நெறியாளர் அலமாரியிலிருந்து அச்சு நூலை எடுத்து, நான் ஏரிப்பாசனத்துக்கு மேற்கோள் காட்டியிருந்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே காட்டு மரங்களைப் பற்றி எழுதியிருந்தது. "ஏரி எங்கே ஐயா?" என்று மட்டும் கேட்டார். எல்லா எண்ணிலும் ஒரே தொகையைக் கழித்துவிட்டால் முடிந்தது என்று எண்ணினேன், அதுவும் பலிக்கவில்லை. நடுவில் ஒரு மடிப்பு வரைபடத்தை வருடாமல் விட்டிருந்ததால், அதற்கு முன் ஒரு வித்தியாசம், பின் வேறொரு வித்தியாசம். முந்நூற்றுச் சொச்சம் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான்.

2022-இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் ஜோட்டெரோவுக்குள்ளேயே பி.டி.எஃப். படிக்கவும் வண்ணமிடவும் முடிகிறது. வண்ணமிட்ட பகுதியோடு பக்க எண்ணும் தானாகவே சேர்ந்துகொள்ளும். அச்சிட்ட எண்ணைக் கண்டறிய மென்பொருள் முயல்கிறது என்றாலும், பழைய ஒளிவருடல்களில் அது பெரும்பாலும் தோற்று, கோப்பின் வரிசை எண்ணையே சத்தமில்லாமல் இட்டுவிடுகிறது. ஆகவே முதல் வரியில் வண்ணமிட்டவுடன், பக்கத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் அந்தக் குறிப்பின் மீது வலச்சொடுக்கிப் பக்க எண்ணைத் திருத்தலாம். நூலின் நடுவிலும் கடைசியிலும் மீண்டும் ஒருமுறை ஒப்பிடுங்கள். பாராமகால் ஆவணங்கள் போலப் பிரிவு பிரிவாக அச்சான நூல்களுக்குப் பிரிவு எண்ணையும் சேர்த்து எழுதாவிட்டால், பக்க எண் சரியாக இருந்தும் பயனில்லை.

முதலெழுத்தைக் குடும்பப் பெயராக்குவது

நடுகற்களைப் படிப்பவர்கள் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியைத் தொடாமல் போக முடியாது. அவர் பெயரை ஓரிடத்தில் "நாகசாமி, இரா." என்றும், வேறிடத்தில் முன்பின்னாகவும் பிரித்து இட்டால், நூற்பட்டியலில் ஒருவரே இருவராவார். பெயருக்கு எதிரே உள்ள சிறு பொத்தானை அழுத்தினால், குடும்பப் பெயருக்கும் முதற்பெயருக்கும் தனித்தனியாக உள்ள இரு கட்டங்கள் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு அந்த ஒற்றைக் கட்டமே பொருந்தும் என்பது என் முடிவு.

ஊர்ப்பெயரைக் கண்டபடி குறிச்சொல்லாக்குவது

தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்திலும், கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும் இருந்தன. தருமபுரி, தர்மபுரி, தகடூர், சேலம் என்று நான்கு குறிச்சொற்கள் இட்டுவிட்டுப் பாதிக் குறிப்புகளைக் காணவில்லை என்று தேடாதீர்கள். இன்றைய வட்டத்தின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் இடுங்கள். மூலம் சொல்லும் பெயர் குறிப்பின் உள்ளே இருக்கட்டும்.

தரவுத்தளத்தை கூகுள் டிரைவுக்குள் வைப்பது

வைக்காதீர்கள், கெட்டுப்போகும்.

அடிக்குறிப்புகளை வெறும் எழுத்தாக மாற்றுவது

ஆய்வேட்டுக் கோப்பின் நகலில் மட்டும் செய்யுங்கள். அசல் கோப்பில் செய்துவிட்டால், அந்த மேற்கோள்களை ஜோட்டெரோ அதன்பின் அடையாளம் காணாது.