பெயிண்ட் உரிந்தால் டப்பாவைத் திட்ட வேண்டாம்

போன கார்த்திகை மழையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் கிளம்பியது. பெயிண்ட் அடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பிளேடு நுனியால் கீறிப் பார்த்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் கோடாக வழிந்தது. அடித்தவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "கம்பெனிய மாத்தி இன்னும் ரெண்டு கோட்டு அடிச்சா சரியாயிடும் சார்" என்றார்.

சரியாகாது. சுவரின் மேல்மட்டம் தட்டையாக, மயிரிழை விரிசல்களோடு கிடந்தது. அங்கே நின்ற மழைத் தண்ணீர் செங்கல்லுக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கொத்தனாரை வைத்து மேல்மட்டத்தை மாடிப் பக்கமாகச் சரிவு விட்டுப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம்தான் பெயிண்டருக்கு வேலை கொடுத்தேன். சன்ஷேடின் மேற்புறமும் இதே கதைதான். யாரும் ஏறிப் பார்க்காத இடம் என்பதால் அங்கே பெயிண்டும் போவதில்லை, கண்ணும் போவதில்லை.

புது வீட்டில் நடக்கும் தவறு வேறு. கிரகப்பிரவேசத் தேதி குறித்தாயிற்று, பூச்சு வேலை முடிந்து பத்தே நாளில் பெயிண்ட். சிமெண்ட் பூச்சுக்கு முதலில் ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும், பிறகு காய வேண்டும். எல்லாம் சேர்த்து 28 நாள் என்பது பொதுவான கணக்கு. மழைக்காலம் என்றால் இன்னும் கூட. காயாத பச்சைப் பூச்சில் காரத்தன்மை மிக அதிகம். அது நிறத்தைத் தின்று திட்டுத் திட்டாக வெளிறச் செய்யும். எண்ணெய் சேர்ந்த பெயிண்டாக இருந்தால் சோப்புப் போல நொளுநொளுத்துப் போகும். சுவர் காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

பூச்சில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பலர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் வேலை.

உப்புத் தண்ணீர் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை சுவர் பொரிந்து கொட்டும். அதை மறைக்க பிரவுன் எனாமலில் ஒரு பட்டை அடித்துவிடுவார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அஸ்திவாரத்திலிருந்து ஏறிவரும் ஈரத்துக்கு எனாமல் ஒரு மூடி. மூன்று அடியில் வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் இப்போது நான்கு அடிக்கு ஏறும். அந்தப் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, ஈரத்தடுப்பு சேர்த்துப் பூசாமல் அங்கே எந்த விலை பெயிண்டும் நிற்காது.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளில் இந்த மூடித் தவறு இன்னும் மோசமாக நடக்கிறது. காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் தோல் போல எமல்ஷனைப் போட்டால், பெயிண்ட் உரியும்போது காரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான். கிளிஞ்சலை நீற்றி, வடிகட்டி, துளி நீலம் கலந்து பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தவர்களுக்கு இது தெரிந்துதான் இருந்தது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தீபாவளிக்குள்ள முடிச்சுக் கொடுங்க" என்பதுதான் பெயிண்டர்கள் அதிகம் கேட்கும் வாக்கியம். வடகிழக்குப் பருவமழையும் அதே நாட்களில்தான் வாசலில் நிற்கிறது. பொங்கல் கழிந்து பங்குனி வரை உள்ள காலமே நமக்கு வசதி. சித்திரை, வைகாசியில் அடித்தால் உச்சிவெயில் விழும் சுவரை விட்டுவிடுங்கள். சூடான சுவரில் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்து பிரஷ் கோடு விழும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் அடிப்பது பழைய பெயிண்டர்களின் வழக்கம்.

பழைய பெயிண்ட் மேல் அடிப்பதானால் முதலில் உள்ளங்கையால் சுவரைத் துடைத்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால், அந்த மாவின்மேல்தான் உங்கள் புதுப் பெயிண்ட் உட்காரப் போகிறது. தேய்த்துக் கழுவி, காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட்டு கொடுங்கள். வீட்டுக்குள் மீதமான பட்டியை, அதாவது சுவரைச் சமப்படுத்த இழுக்கும் மாவை, வெளிச்சுவரில் பார்க்க விடாதீர்கள். உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டி மழையில் ஊறிக் கரையும். பாசி படிந்த இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைசலால் சாகடித்துக் கழுவிய பிறகே பிரஷ் எடுக்க வேண்டும்.

இரும்பு கேட்டில் தவறு வெல்டிங் பட்டறையிலேயே தொடங்கிவிடுகிறது. வெல்டிங் கசடைத் தட்டாமல், துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு பூசி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, அன்றைக்கே மறுபடி பிரைமர் அடியுங்கள். கடற்கரை ஊர்களில் ஒரு இரவு விட்டால்கூட மறுநாள் செம்மை தட்டும். ஆனால் ஜி.ஐ. குழாய்க்கும் ஷீட்டுக்கும் இந்த முறை செல்லாது. அதன் துத்தநாகப் பூச்சு எனாமலோடு வினைபுரிந்து பிடிப்பை அறுத்துவிடும். ஒரு வருடத்தில் வாழைப்பட்டை மாதிரி முழுசாக உரிந்து வரும். கடையில் ஜி.ஐ.க்கு என்றே உள்ள பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாசல் கதவு மழைக்கு உப்பி இடிக்கிறது என்றால், கதவைக் கழற்றி அதன் அடிப்பக்க விளிம்பைப் பாருங்கள். முக்கால்வாசி கதவுகளில் அங்கே வார்னிஷ் தொட்டே இருக்காது. மாட்டிய பிறகு அடித்தால் எப்படித் தொடும்?

செங்கல் தெரியும்படி கட்டிய சுவருக்குப் பளபள வார்னிஷ் வேண்டாம், பின்னால் வெளுத்துப் பாளம் பாளமாகும். சிலிகான் வகை நீர்விலக்கி போதும்.

கார் ஷெட்டின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் யாரும் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. தேய்க்கச் சொல்லவும் கூடாது. அந்தத் தூசியின் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக முடியலாம். ஷீட் பொடிந்திருந்தால் அதன்மேல் பெயிண்ட் செலவும் வீண். விவரம் தெரிந்தவரை வைத்து முழுதாக, உடையாமல் இறக்கி மாற்றுங்கள்.

அப்புறம், டப்பாக்களின் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மாறியிருந்தால் சுவர் நடுவில் டப்பா மாற்றாமல் மூலையில் மாற்றச் சொல்லுங்கள். பெயிண்டில் கலக்கும் தண்ணீரையும் பக்கத்தில் நின்று பாருங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஊற்றினால் இரண்டு கோட்டு என்பது பெயருக்குத்தான்.